பழைய வீடியோ கேம்களை எங்கே விற்பது?

கேள்வி: என் மகன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். அவன் வாங்கிச் சேர்த்த பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகள் இருபதுக்கு மேல் வீட்டில் இருக்கின்றன. நின்டெண்டோ ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜ்களும் சில உள்ளன. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார்கள். அது அடிமாட்டு விலையாகத் தெரிகிறது. உறவினர் ஒருவர் ஓஎல்எக்ஸில் விளம்பரம் போடச் சொல்கிறார். எங்கே விற்றால் நியாயமான பணம் கைக்கு வரும்?
(வாசகர், ஆவடி)

பதில்: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் விற்றுவிட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். மொத்தமாகக் கொண்டுபோய் வைத்தால், அந்தக் குவியலில் விலைபோகாத டிஸ்க்குகளைக் காட்டியே நல்லவற்றின் விலையையும் கடைக்காரர் இறக்கிவிடுவார். எனவே வீட்டிலேயே அவற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை, இன்றும் ஆட்கள் தேடி வாங்குபவை. ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜ்களில் நின்டெண்டோ நிறுவனமே தயாரித்த மாரியோ, செல்டா விளையாட்டுகள் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அந்நிறுவனம் தன் விளையாட்டுகளுக்கு எளிதில் பெரிய தள்ளுபடி கொடுப்பதில்லை என்பதால், பழையவற்றுக்கும் விலை இறங்காமல் நிற்கிறது. நின்டெண்டோவுக்கு இந்தியாவில் நேரடி விற்பனை அமைப்பு இல்லாததும் இங்கே அவற்றின் மதிப்பைக் கூட்டுகிறது. பிளேஸ்டேஷனில், கதையுள்ள பெரிய விளையாட்டுகளுக்கு இன்னமும் கேட்பு இருக்கிறது. டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களும் பெரும்பாலான பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகளைப் போட்டு விளையாடலாம் என்பதை விளம்பரத்தில் தவறாமல் குறிப்பிடுங்கள்.

இரண்டாம் வகை, ஆண்டுதோறும் புதுப்பதிப்பு வரும் விளையாட்டுகள். ஃபிஃபா கால்பந்து வரிசை இதற்குச் சரியான உதாரணம். 2023 முதல் அது இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்ற பெயரில் வருகிறது. செப்டம்பர் வாக்கில் புதியது வந்தவுடன் முந்தையதன் விலை சரியும். இரண்டு மூன்று பதிப்புகள் பழையதாகிவிட்டால் கடைக்காரர் தொட்டும் பார்க்க மாட்டார். இவற்றைக் கிடைத்த விலைக்குக் கடையில் தள்ளிவிடுவதே சரி.

மூன்றாம் வகையைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. நிறுவனம் இணையத்தில் நடத்தும் கணினியான சர்வர் இருந்தால்தான் ஓடும் விளையாட்டுகளின் டிஸ்க், சர்வர் நிறுத்தப்பட்டபின் எதற்கும் உதவாது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. அந்த டிஸ்க்கை இன்று எந்தக் கருவியில் போட்டாலும் விளையாட முடியாது. அப்படிப்பட்டது உங்களிடம் இருந்தால் யாருக்கும் விற்காதீர்கள். ஓஎல்எக்ஸில் வாங்க வருபவர் பெரும்பாலும் சேர்த்து வைத்த கைக்காசோடு வரும் பள்ளி, கல்லூரி மாணவராக இருப்பார்.

இப்போது இடத்துக்கு வருவோம். கடைக்காரர் வாடகை கொடுக்க வேண்டும், வாங்கிய சரக்கு விற்காமல் கிடக்கும் அபாயத்தையும் சுமக்க வேண்டும். ஆகவே தாம் விற்கப்போகும் விலையில் ஏறக்குறைய பாதியைத்தான் பெரும்பாலும் தர முன்வருவார். 1,200 ரூபாய்க்குக் கடையில் விற்கும் பழைய டிஸ்க்குக்கு உங்களுக்கு 500 அல்லது 600 ரூபாய் சொன்னால் அதை ஏமாற்று என்று கொள்ள வேண்டாம். அதையே நேரடியாக ஒருவரிடம் 900 ரூபாய்க்கு விற்றால் அவருக்கும் ஆதாயம், உங்களுக்கும் ஆதாயம். முதல் வகையை இப்படி நேரடியாக விற்பதற்குக் கொஞ்சம் அலைச்சல் ஆனாலும் அது வீண் போகாது. 200 ரூபாய் பெறும் டிஸ்க்குக்காகப் பத்துப் பேரிடம் பேசிக்கொண்டிருப்பதுதான் வீண்.

விலை குறிக்கும்போது ஓஎல்எக்ஸில் மற்றவர்கள் போட்டிருக்கும் தொகையைப் பார்த்து ஏமாறாதீர்கள்; அது அவர்கள் கேட்கும் விலையே தவிர, விற்ற விலை அன்று. பழைய கேம் விற்கும் இணையக் கடைகளில் அதே டிஸ்க் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்த்து, அதற்குக் கீழே உங்கள் விலையை வையுங்கள். பிளேஸ்டேஷனின் சொந்த இணையக் கடையில் அந்த விளையாட்டு தள்ளுபடியில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அங்கே 999 ரூபாய்க்குத் தரவிறக்கிக்கொள்ள முடியும் வாரத்தில் உங்கள் டிஸ்க்கை 1,000 ரூபாய்க்குக் கேட்க ஆள் வராது. தள்ளுபடி முடியும்வரை பொறுத்திருக்கலாம்.

இணையக் கடைக்குக் கூரியரில் அனுப்புவதானால், அவர்கள் முதலில் சொல்லும் விலை பரிசோதனைக்குப் பின் குறையலாம் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். குறைந்த விலை உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிஸ்க்கின் இரு பக்கமும் தெரியும்படி, பெட்டியில் வைத்து ஒட்டுவது வரை ஒரே வீடியோவாக எடுத்து வைப்பது அவசியம். “எக்ஸ்சேஞ்ச் என்றால் கூடுதலாகத் தருகிறோம்” என்று கடையில் சொன்னால், மகன் உண்மையிலேயே வேறொரு கேம் வாங்கப்போகிறாரா என்று அவரைக் கேட்ட பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

வெகுகாலம் தள்ளிப்போடவும் வேண்டாம். டிஸ்க் டிரைவ் இல்லாத கருவிகள் பெருகப் பெருக, டிஸ்க் வாங்குவோர் கூட்டம் குறைந்துகொண்டே போகிறது.

கேள்வி: என் டிஸ்க்குகளில் கீறல்கள் உள்ளன. பற்பசை தடவித் தேய்த்தால் போய்விடும் என்கிறார்கள். விற்பதற்கு முன் அப்படிச் செய்யலாமா?
(வாசகி, திருச்சி)

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த யோசனை பழைய சிடி, டிவிடி காலத்தில் பிறந்தது. டிவிடியில் தகவல் பதிந்த அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருப்பதால், மேலே லேசாகத் தேய்த்தாலும் அது தப்பிக்கும். பிளேஸ்டேஷன் 3, 4, 5 ஆகியவற்றின் டிஸ்க்குகள் ப்ளூரே வகையைச் சேர்ந்தவை. அவற்றில் அந்த அடுக்கு வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதைக் காப்பதற்காக மேலே கடினமான பூச்சு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். தேய்த்தால் முதலில் போவது அந்தப் பூச்சுதான்.

மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்கோட்டில் துடைத்தால் போதும். பிறகு டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பரப்பில் தெரியும் மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் விளையாட்டைப் பாதிப்பதில்லை. நடுத்துளையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்பதைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும். பெட்டியின் நடுப்பகுதியை அழுத்தாமல் டிஸ்க்கை ஓரத்தில் பிடித்து இழுத்து எடுப்பவர்களிடம் இந்த வெடிப்பு வரும்; அது சுழலும்போது வளரும். வெடிப்பு இருந்தால் மறைக்காமல் சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கையும் போட்டு, விளையாட்டின் முகப்புத் திரை வருவதை அன்றைய தேதி எழுதிய தாளுடன் வீடியோ எடுத்துக் காட்டினால், வாங்குபவர் பேரம் பேசுவது வெகுவாகக் குறையும்.

கேள்வி: ஓஎல்எக்ஸில் கேம் விளம்பரம் போட்ட பத்தாம் நிமிடம் ஒருவர் அழைத்தார். தாம் ராணுவத்தில் இருப்பதாகவும், நேரில் வர இயலாது என்றும் சொல்லி, பேரமே பேசாமல் ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பினார். அதை ஸ்கேன் செய்தால் பணம் வந்துவிடுமாம். நம்பலாமா?
(வாசகர், கோவை)

பதில்: நம்பாதீர்கள். பணம் பெறுவதற்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் எண்ணை அழுத்தவோ தேவையில்லை. பணம் வரும் என்று சொல்லி அனுப்பிய குறியீட்டை ஸ்கேன் செய்ததும் பின் எண்ணைக் கேட்டால், அந்தத் திரை உங்கள் கணக்கிலிருந்து பணத்தை எடுப்பதற்கானது. ராணுவ உடையில் படம், அடையாள அட்டையின் நகல் ஆகியவற்றைக் காட்டி நம்பவைப்பது இந்த மோசடியில் பல ஆண்டுகளாகத் தொடரும் வழக்கம். ஏற்கெனவே பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீளும் வாய்ப்பு உண்டு.

உள்ளூரில் நேரில் வருபவருக்கே விற்பது நல்லது. கண்காணிப்புக் கேமரா உள்ள ரயில் நிலைய வாசல் போன்ற இடத்தில் பகலில் சந்தியுங்கள். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையோ வந்து விழும் குறுஞ்செய்தியையோ வைத்து முடிவு செய்யாமல், உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகு டிஸ்க்கைக் கொடுங்கள்.

கேள்வி: தரவிறக்கி வாங்கிய கேம்களை விற்க முடியுமா?
(வாசகர், மதுரை)

பதில்: முடியாது. அவை உங்கள் கணக்கோடு பிணைந்த உரிமங்கள். கணக்கையே விற்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது அந்நிறுவனங்களின் விதிகளுக்கு விரோதமானது, கணக்கு முடக்கப்பட்டால் வாங்கியவர் உங்களைத்தான் தேடி வருவார்.

கேள்வி: கடைக்காரர் என் கேம்களைக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டார். நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாமா?
(வாசகி, சேலம்)

பதில்: 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விலை கொடுத்துப் பொருள் வாங்குபவரையும் சேவை பெறுபவரையும் காக்கிறது. இந்த வியாபாரத்தில் நீங்கள் விற்றவர். விலைக்குச் சம்மதித்துக் கொடுத்துவிட்ட பிறகு, குறைவு என்ற காரணத்துக்காக மட்டும் அங்கே போக இயலாது. பேசிய தொகையில் ஒரு பகுதியைப் பிறகு தருவதாகச் சொல்லித் தராமல் இழுத்தடித்தால் அது வேறு விஷயம். அதற்கு வாட்ஸ்அப் உரையாடலோ கடையின் ரசீதோ கையில் இருக்க வேண்டும். கடையை விட்டு வெளியே வருமுன் டிஸ்க்குகளின் பெயர்களோடு தொகையையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.