ஒரு பாட்டின் நடுவே வரும் கிட்டார் சோலோவுக்கு (தனி வாசிப்புக்கு) ஏழெட்டு பேரை வாசிக்க வைத்து, வேண்டாம் என்று ஒதுக்குவது கலைஞர்களை அவமதிப்பது ஆகாதா?

ஸ்டீலி டான் என்ற அமெரிக்கக் குழுவின் ‘பெக்’ பாட்டை மனதில் வைத்துத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஜாஸ் ராக் பாட்டுகளில் இந்தக் கதைக்குப் பேர்போனது அதுதான்.

ஒதுக்கப்பட்டவருக்கு வலிக்கும். அது எனக்கே தெரியும். பதினைந்து வருடம் முன்பு ஒரு பக்திப் பாடல் ஆல்பத்துக்கு கிட்டார் வாசித்தேன். எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று, இடையிசை. மதியம் உட்கார்ந்தவன் எழுந்தபோது இரவு ஒன்பது மணி. சிடி வந்ததும் வீட்டில் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துப் போட்டேன். இடையிசை வந்தது. அந்த இடத்தில் புல்லாங்குழல் ஒலித்தது. “இதுல நீ எங்கடா?” என்று அம்மா கேட்டார். ஒரு வாரம் கிட்டார் பெட்டியைத் திறக்கவே இல்லை.

சரி, ‘பெக்’குக்கு வருகிறேன். டொனால்ட் ஃபேகன், வால்டர் பெக்கர் இருவரும்தான் அப்போது ஸ்டீலி டான். 1974-லேயே மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டு ஸ்டூடியோவே கதி என்று இருந்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் அதற்குத் தோதான செஷன் கலைஞர்களை, அதாவது ஒலிப்பதிவுக்கு மட்டும் வந்து வாசிப்பவர்களை, வரவழைப்பார்கள். இந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் ரிக் மரோட்டா, பேஸ் கிட்டார் சக் ரெய்னி, எலக்ட்ரிக் பியானோ பால் கிரிஃபின், ரிதம் கிட்டார் ஸ்டீவ் கான். ஹெட்போனில் மரோட்டாவின் ஹை-ஹாட்டை (டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தாளத் தட்டை) மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அது திறந்து மூடுவதே தனிப் பாட்டு மாதிரி இருக்கும்.

ரெய்னியிடம் ‘ஸ்லாப்’ வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். கட்டை விரலால் கம்பியை அடித்து வாசிப்பது அது. அந்தக் காலத்தில் எல்லோரும் அதையே வாசித்ததால் அவர்களுக்கு அலுத்திருந்தது. ரெய்னிக்கோ கோரஸில் (பல்லவி போலத் திரும்ப வரும் பகுதியில்) அதுதான் சரி என்று பட்டது. தடுப்புக்குப் பின்னால் கை தெரியாதபடி திரும்பிக்கொண்டு ஸ்லாப்பே வாசித்தார். கேட்டவர்களுக்குப் பிடித்துவிட்டது. இன்றும் அந்தக் கோரஸில் ஒலிப்பது அதுதான். தாங்கள் சொன்ன சொல்லையே காதுக்காக விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள். அதை வைத்துத்தான் சோலோ விஷயத்தையும் பார்க்கிறேன்.

அந்த சோலோ ஏன் அவ்வளவு படுத்தியது? பாட்டின் அடியில் ஓடுவது பழைய 12 பார் ப்ளூஸ், பன்னிரண்டு தாளச் சுற்றில் திரும்பத் திரும்ப வரும் அமெரிக்க இசை வடிவம். ஆனால் அதன் மேல் ஜாஸ் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) அடுக்கி ஆளே தெரியாமல் மாற்றியிருப்பார்கள். வெறும் ப்ளூஸாக வாசித்தால் கார்டுகளோடு ஒட்டாது. ஒவ்வொரு கார்டையும் துரத்திக்கொண்டு ஓடினால் ப்ளூஸின் வாசனை போய்விடும், பாட்டின் துள்ளலும் அடங்கிவிடும். நான் இதை வாசிக்க முயன்று எத்தனையோ இரவுகள் மாட்டிக்கொண்ட இடம் இது. ஏழெட்டு பேருக்குப் பிறகு வந்த ஜே கிரேடன்தான் இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடித்தார். இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து அவர் வளைக்கும்போது ப்ளூஸும் கேட்கும், கார்டுகளும் பிசகாது.

பின்னாளில் வந்த ஓர் ஆவணப்படத்தில் ஃபேகனும் பெக்கரும் மிக்ஸிங் மேசையில் உட்கார்ந்து, ஒதுக்கிய சோலோக்களில் சிலவற்றைப் போட்டுக் காட்டுவார்கள். எதிலும் சுருதி விலகவில்லை, தாளம் தப்பவில்லை. வேறு பாட்டில் இருந்திருந்தால் கொண்டாடியிருப்போம். அதைக் கேட்ட அன்றுதான் என் மனதில் இருந்த பழைய முள் கொஞ்சம் இளகியது.

அதே படத்தில், ‘பெக்’கில் பின்னணி பாடிய மைக்கேல் மெக்டொனால்டின் குரல்களைத் தனியாக ஒலிக்கவிடுவார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அவரே பாடிச் சேர்த்தவை. பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் என்பதால் தன் ஸ்வரத்தில் நிற்பதே பெரும்பாடு. அந்த இடத்தை மட்டுமாவது கேளுங்கள்.

‘பெக்’ 1977 செப்டம்பரில் ‘ஏஜா’ ஆல்பத்தில் வந்து, நவம்பரில் சிங்கிளாக, அதாவது தனி இசைத்தட்டாக வெளியானது. கச்சேரியே செய்யாத குழுவின் பாட்டு அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 11-ஆம் இடம் வரை போனது. அந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவுப் பொறியாளர்களுக்கு கிராமி கிடைத்தது. 1989-ல் டி லா சோல் என்ற ஹிப்ஹாப் குழு ‘பெக்’கின் ஒரு துண்டை எடுத்துத் தங்கள் பாட்டில் பயன்படுத்தியது.

அப்புறம் அந்தப் பக்திப் பாட்டை நானும் மறுபடி கேட்டேன். புல்லாங்குழல்தான் அங்கே சரி. பேசிய பணத்தையும் முழுசாகக் கொடுத்திருந்தார்கள். சிடி வருவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான் என் மனக்குறை. இப்போது என் பாட்டுகளில் யாருடைய வாசிப்பை நீக்க நேர்ந்தாலும், வெளியாகும் முன் நானே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு வயலின்காரரிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அனுப்புங்க, எப்படி வந்திருக்குன்னு கேட்கிறேன்” என்றார். அன்றைக்கே அனுப்பினேன்.