வேலையில்லை என்று காசு எடுத்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: கம்பனி என்னை நிறுத்திவிட்டது. வேலையிழந்தவருக்கு அரசாங்கக் கொடுப்பனவு உண்டா? (கொட்டாஞ்சேனை)

இலங்கையில் அப்படியொரு மாதக் கொடுப்பனவு இல்லை. ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்) காசை வயது பாராமல் எடுக்கலாம்; ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதியம்) எடுக்கப் பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதாக வேண்டும். வேலை போனது மட்டும் காரணமாகாது.

கே: திருமணச் சான்றிதழ் ‘செய்து’ தந்து ஈ.பி.எஃப். எடுத்துத் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். (பம்பலப்பிட்டி வாசகி)

கிட்டவும் போகாதீர்கள். திருமணத்துக்காக வேலையை விடும் பெண் ஈ.பி.எஃப். எடுக்கலாம் என்பதைத்தான் இவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 459ஆம் பிரிவுப்படி, போலி ஆவணம் என்று தெரிந்தே கொடுப்பவருக்கும் அதைத் தயாரித்தவருக்குரிய தண்டனைதான். ஏமாற்றிக் காசு பெற்றதற்கு 403ஆம் பிரிவில் ஏழு வருடம்வரை சிறை. தரகர் தன் பங்கோடு போய்விடுவார், படிவத்தில் இருப்பது உங்கள் கையொப்பம்.

கே: தம்பி லண்டனில் யூனிவர்சல் கிரெடிட் (வேலையில்லாதவருக்கும் வருமானம் குறைந்தவருக்கும் பிரித்தானிய அரசு தரும் கொடுப்பனவு) எடுக்கிறான். வெள்ளவத்தை ஃபிளாட் அவன் பெயரில், அம்மா இருக்கிறா. பிழையா?

வெளிநாட்டுச் சொத்தும் கணக்கில் வரும். சந்தை விலையில் விற்பனைச் செலவுக்கு 10 வீதமும், அதன்மேலுள்ள கடனும் கழிப்பார்கள். மீதி 16,000 பவுணைத் தாண்டினால் கொடுப்பனவு இல்லை. ஆனால் தாய் பிரித்தானிய ஓய்வூதிய வயதைத் தாண்டி அங்கே குடியிருந்தால் அந்த வீட்டைச் சேர்க்கமாட்டார்கள். அப்போதும் அறிவிக்கத்தான் வேண்டும். நாளைக்கு அம்மா உங்களோடு வந்துவிட, ஃபிளாட்டை வாடகைக்கு விட்டால் நிலைமை தலைகீழ். பல வழக்குகள் இப்படி மாறியதைச் சொல்லாமல் விட்டதில்தான் தொடங்குகின்றன.

கே: அதே தம்பி ஒரு கடையில் கணக்கில் காட்டாமல் கையில் காசு வாங்கி வேலை செய்கிறான். இப்போது விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது.

கூடுதலாக எடுத்தது முழுவதையும் திருப்பிக் கட்டவேண்டும். சிறிய தொகையானால் நீதிமன்றத்துக்குப் பதிலாக அதில் பாதியைத் தண்டப்பணமாகக் கேட்கலாம். குறைந்தது 350, கூடியது 5,000 பவுண். வழக்கானால், நேர்மையற்ற பொய்த்தகவலுக்குக் கூடியபட்சம் ஏழு வருடம். பிரித்தானியக் குடியுரிமை இல்லாதவருக்கு 12 மாதமோ அதற்கு மேலோ சிறை விழுந்தால் நாடுகடத்தலும் சேர்ந்து வரும். நிரந்தர வதிவிட அனுமதி இருந்தாலும் அப்படித்தான். கடிதத்தில் ‘எச்சரிக்கையுடன் விசாரணை’ என்றிருந்தால், அங்கே சொல்வதெல்லாம் சாட்சியமாகலாம். சட்டத்தரணியோடு போகச் சொல்லுங்கள். கடைக்காரரோடு பேசி ஒரே கதையாகச் சொல்லலாம் என்று நினைத்தால் அது இன்னொரு குற்றமாகும்.

கே: வேலை கிடைத்துவிட்டது, அஸ்வெசும (வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு) இன்னும் வருகிறது. (மட்டக்குளி)

பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். திகதி முத்திரையிட்ட பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் வாயால் சொன்னதைப் பிறகு நிரூபிக்க முடியாது.