வாசகர் கேள்வி - பதில்: பழைய காருக்கு அகலமான பின்சக்கரம்

என்னிடம் 1978 பிரீமியர் பத்மினி இருக்குதுங்க. பின்னாடி மட்டும் 195/60 ஆர்14 டயர் போட ஆசை. இருக்கிற ரிம்மிலேயே ஏறிக்கும்னு டயர் கடையில சொல்றாங்க. போடலாமுங்களா?
*- வாசகர், பொள்ளாச்சி*

ஏறும். ஆனால் போடாதீர்கள். 195/60 டயருக்கு (195 மி.மீ. அகலம், அதில் 60 சதவீதம் பக்கச் சுவரின் உயரம்; ஆர்14 என்றால் 14 அங்குல ரிம்முக்கான ரேடியல்) 5.5 முதல் 7 அங்குல அகலமுள்ள ரிம் வேண்டும். உங்கள் ரிம் 5.20-14 டயருக்காகச் செய்த ஒடுக்கமான ரிம். அதில் இந்த டயரை மாட்டினால் இரு பக்கச் சுவர்களும் உள்ளே இழுபட்டு நடுப்பட்டை புடைக்கும். நடு மட்டும் தேயும், வளைவில் டயர் ரிம்முக்கு மேல் சாயும். அகலப்படுத்திய பலன் எதுவும் கிடைக்காது.

டயர் வாங்கும் முன் அளவெடுங்கள். பாடியை உறுதியான இடத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி வைத்து, பாடி ஸ்டாண்டை விட்டு எழத் தொடங்கும் வரை ஏற்றுங்கள். சக்கரம் தொங்கும்போது எடுத்த அளவு பயன்படாது. ரிம் போய் உட்காரும் டிரம் முகத்தின் மேல் நேரான அலுமினியச் சட்டத்தை வைத்து, மூலைமட்டத்தால் மூன்று அளவு எடுங்கள்: அங்கிருந்து உள்ளே ஸ்பிரிங் பட்டை வரை, உள் மட்கார்டு வரை, வெளியே மட்கார்டு விளிம்பு வரை. இடம், வலம் இரண்டிலும் எடுக்க வேண்டும். இந்த வண்டிகளில் ஆக்சில் சில மில்லிமீட்டர் ஒரு பக்கமாக நிற்பது சகஜம். இரண்டில் குறைவான அளவையே கணக்கில் கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு, பட்டை வரை 135 மி.மீ., விளிம்பு வரை 95 மி.மீ. என்று வைப்போம். 195 டயர் 5.5 அங்குல ரிம்மில் ஏறினால் சுமார் 196 மி.மீ. அகலம் நிற்கும், பாதி 98. ரிம்மின் ஆஃப்செட் (டிரம்மில் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வெளியே தள்ளி நிற்கும் தூரம், மி.மீ.-ல்) 20 என்றால் டயர் உள்ளே 118 (98+20), வெளியே 78 (98-20) வரை வரும். பட்டைக்கு 17, விளிம்புக்கு 17 மி.மீ. இடைவெளி கிடைக்கிறது. போதும். இதே டயரை இன்றைய முன்சக்கர இயக்கக் கார்களில் வரும் ஆஃப்செட் 40 அலாய் ரிம்மில் போட்டால் உள்ளே 138. அதாவது பட்டையில் உரசும். பழைய கார்களுக்கு அலாய் வாங்கி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஓர் எண்ணைப் பார்க்காமல்தான் ஏமாறுகிறார்கள். போல்ட் இடைவெளி பொருந்தினாலும் ஆஃப்செட் பொருந்தாது.

பட்டைப் பக்கம் 10-15, பாடிப் பக்கம் 15-20 மி.மீ. விடுங்கள். பட்டை ஆக்சிலோடு கட்டப்பட்டிருப்பதால் அதிகம் விலகாது. பாடியோ வளைவில் பக்கவாட்டில் நகரும். பட்டை புஷ்கள் (பட்டையின் முனைகளில் உள்ள ரப்பர் உருளைகள்) தேய்ந்திருந்தால் இன்னும் நகரும். கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் முதலில் புஷ் மாற்றுங்கள்.

கடைசிச் சோதனை: மட்கார்டு விளிம்பின் உள்பக்கம் களிமண் உருண்டைகளை ஒட்டி, டிக்கியில் இரண்டு சிமென்ட் மூட்டையும் பின் சீட்டில் இரண்டு பேரையும் ஏற்றி, வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குங்கள். மண் நசுங்கியிருந்தால் இடைவெளி போதவில்லை.

விட்டத்தையும் பார்க்க வேண்டும். 5.20-14 சுமார் 610 மி.மீ., 195/60 ஆர்14 590. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 58-ல் ஓடும், பின்பக்கம் 10 மி.மீ. தாழும். எங்கள் யோசனை: பத்மினிக்கு 5 அங்குல ரிம்மில் 175/70 ஆர்14 (601 மி.மீ.) அல்லது 185/65 ஆர்14 (596 மி.மீ.) போதும். அந்த இன்ஜினின் இழுவைக்கு அதற்கு மேல் ரப்பர் தேவையில்லை. ஸ்டீயரிங்கும் ஓட்டமும் கெடாமல் நிற்கும்.

பழைய ரிம்மை வெட்டி, நடுவில் பேண்டு வைத்து வெல்டு அடித்து அகலப்படுத்தித் தர்றோம்னு லேத்து பட்டறையில சொல்றாங்க. நம்பலாமுங்களா?
*- வாசகர், சிங்காநல்லூர்*

கோவையில் இதைச் சுத்தமாகச் செய்யும் கைகள் இருக்கின்றன. ஆனாலும் வேறு வழியைச் சொல்வோம்: கம்பெனியில் உருட்டிய 5 அங்குல வெளி வளையத்தை வாங்கி, உங்கள் ரிம்மின் நடுத்தட்டை அதில் லேத்தில் மையம் பிடித்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். காற்று நிற்கும் பகுதியில் வெல்டே வராது. ஆஃப்செட்டையும் உங்களுக்கு வேண்டிய இடத்தில் வைக்கலாம்.

பேண்டுதான் (நடுவில் சேர்க்கும் தகட்டு வளையம்) வைப்பதென்றால் வெல்டு முழுச் சுற்றும் இடைவிடாமல் ஓட வேண்டும். உள்பக்கம் கிரைண்டரில் மழுங்கத் தேய்க்க வேண்டும், பிசிறு இருந்தால் டியூபைக் கிழிக்கும். டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தைக் காட்டும் கருவி) வைத்துச் சுற்றும்போது மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டம் 1 மி.மீ.-க்குள் இருந்தால் மட்டுமே வாங்குங்கள். அந்தக் காலத்து ரிம்களில் டயர் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு இருக்காது. ஆகவே டியூப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும், அதுவும் ரேடியல் டயருக்கான டியூப்.

அம்பாசடரில் பின்சக்கரம் உள்ளே தள்ளி நிற்குது. ஒரு அங்குல ஸ்பேசர் வைக்கலாமா?
*- வாசகர், ஈரோடு*

சக்கரத்தை வெளியே தள்ள டிரம்முக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசர் வெறும் தட்டாக வருவது என்றால் வேண்டாம். 12 மி.மீ. ஸ்டட்டில் (சக்கரத்தை மாட்டும் மரைக் கம்பி) நட் குறைந்தது 12 மி.மீ. மரை பிடிக்க வேண்டும். ஒரு அங்குலத் தட்டு வைத்தால் மரையே மிஞ்சாது. பேரிங்குக்கும் சுமை வெளியே தள்ளிப் போகும். அந்த இடைவெளியைச் சரியான ஆஃப்செட் உள்ள ரிம்மால் நிரப்புங்கள். புது ரிம்மின் துளைச் சாய்வும் நட்டின் சாய்வும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கூம்பு நட்டுக்கு உருண்டைக் குழி பொருந்தாது, எவ்வளவு முறுக்கினாலும் தளரும். மாட்டிய பிறகு 100 கி.மீ. ஓடியதும் எதிரெதிராக மறுபடி முறுக்குங்கள்.

முன்னாடி பழைய நைலான் டயர், பின்னாடி அகல ரேடியல். திம்பம் மலை ஏறலாமா?
*- வாசகர், சத்தியமங்கலம்*

ரேடியல் பின்னால், நைலான் (இழைகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் பழைய வகை) முன்னால் என்பது ஏற்கத்தக்க கலவை. தலைகீழாகப் போட்டால் பின்பக்கம் வீசும். ஒரே ஆக்சிலில் இரண்டையும் கலக்கவே கூடாது.

ஆனால் பின்பிடி கூடிவிட்டதால் முன்பக்கம் முதலில் வழுக்கும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில், மழை நாளில் இறங்கும்போது, ஸ்டீயரிங் திருப்பியும் வண்டி நேரே போகப் பார்க்கும். முன்னாலும் ரேடியலே போட்டுவிடுங்கள். பின்னால் 185 என்றால் முன்னால் 165/80 அல்லது 175/70 பொருந்தும்.

ஸ்டெப்னியைப் பின்சக்கர அளவில் வையுங்கள். பின்சக்கரங்கள் இரண்டும் வேறு வேறு விட்டத்தில் சுற்றினால் நேர் ரோட்டிலும் டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) ஓயாமல் உழைத்துச் சூடேறும். முன்னால் மாட்ட நேர்ந்தால், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி உரசலைப் பார்த்துக்கொண்டு, பஞ்சர் கடை வரை மெதுவாகப் போங்கள்.

மட்கார்டு விளிம்பில் உரசுது. வெட்டிடலாமுங்களா?
*- வாசகர், திருப்பூர்*

வெட்டாதீர்கள். வெளித்தகடும் உள்தகடும் ஸ்பாட் வெல்டில் சேரும் இடம் அது. வெட்டினால் இணைப்பு பிரியும், தண்ணீர் உள்ளே போய்த் துரு அரிக்கும். பெயின்டை ஹீட் கன்னால் கை வைக்க முடியாத சூட்டுக்குக் கொண்டுவந்து, விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் மடக்கச் சொல்லுங்கள். விரிசல் விட்ட இடத்தில் உடனே பிரைமரும் சீலரும் அடிக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2021-ல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டியை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். அதற்குச் சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. சக்கரத்தைக் கழற்றிப் பழையதை மாட்டிவிடலாம். வெட்டிய மட்கார்டைத் திரும்பக் கொண்டுவர டிங்கருக்குக் கொடுக்கும் கூலி டயர் விலையைத் தாண்டும். ஒரிஜினல் ரிம் நான்கையும் விற்காமல் பத்திரப்படுத்துங்கள்.