கொஹிமாவில் பெரியதாத்தாவின் பெயரை எங்கே தேடுவது?

வேலூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவின் பெரியப்பா மெட்ராஸ் சேப்பர்ஸில், அதாவது ராணுவத்தின் பொறியியல் படையில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரில், 1944-இல் நாகாலாந்தின் கொஹிமாவில் ஜப்பானியருடன் நடந்த சண்டையில் இறந்துபோனார். வீட்டில் மிஞ்சியிருப்பது அவருடைய சர்வீஸ் நம்பர் மட்டும்தான். டிசம்பரில் அம்மாவை அங்கே அழைத்துப் போக ஆசை. அவருக்கு வயது 70. பெரியப்பாவின் கல்லறையை எப்படிக் கண்டுபிடிப்பது?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் இந்து என்றால் அங்கே கல்லறை இருக்காது. இந்து, சீக்கிய வீரர்களை அவரவர் வழக்கப்படி தகனம் செய்தார்கள். கொஹிமா போர்க் கல்லறைத் தோட்டத்தில் 1,420 கல்லறைகள் இருக்கின்றன; தகனம் செய்யப்பட்ட 917 பேரின் பெயர்கள் மட்டும் தோட்டத்தின் உச்சியில் தனி நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கீழே எத்தனை வரிசை தேடினாலும் உங்கள் தாத்தா கிடைக்க மாட்டார். மேலே ஏறியாக வேண்டும்.

ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன்பே, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடிவிடுங்கள். பெயரைவிட சர்வீஸ் நம்பரை நம்புங்கள். முனுசாமி என்ற ஒரே பெயரையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும்கூட இருக்கும். வேலூர் அப்போது வட ஆற்காடு மாவட்டம், அந்தப் பெயரில்தான் பாருங்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. வீட்டில் 'கொஹிமா' என்று சொல்லிவந்தாலும், அவர் இம்பால் பக்கம் இறந்திருக்கலாம். அப்படியானால் பெயர் இம்பாலில் உள்ள தகன நினைவுச்சின்னத்தில் இருக்கும். உடல் கிடைக்காதவர்கள் என்றால் மியான்மரின் தௌக்யான் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னம். அங்கே ஏறத்தாழ 27,000 பெயர்கள். எழுபது வயது அம்மாவைத் தவறான ஊருக்கு அழைத்துப் போய்விடக் கூடாது.

சரி, கொஹிமாதான் என்று உறுதியானால், நாகாலாந்துக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் (வெளிமாநிலத்தவருக்கான அனுமதிச் சீட்டு) வேண்டும். ஆன்லைனிலேயே எடுக்கலாம். ரயிலோ விமானமோ திமாப்பூர் வரைதான். அங்கிருந்து மலைப்பாதையில் சுமார் 75 கிலோமீட்டர். டிசம்பர் 1 முதல் 10 வரை ஹார்ன்பில் திருவிழா நடக்கும், அறை கிடைப்பது கஷ்டம். அதற்கப்புறம் போங்கள். அங்கே சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும் என்பதால் காலையில் ஏறத் தொடங்குங்கள். தோட்டம் படிப்படியாக மேலே போகிறது; அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறட்டும்.

வழியில் டென்னிஸ் கோர்ட்டைக் காட்டுங்கள். துணை ஆணையர் பங்களாவின் அந்த மைதானத்துக்கு இந்தப் பக்கம் பிரிட்டிஷ் - இந்தியப் படை, அந்தப் பக்கம் ஜப்பானியர். நடுவே கையெறி குண்டுகள் பறந்தன. கோடுகளை இன்றும் வெள்ளைக் கான்கிரீட்டில் காட்டியிருக்கிறார்கள். அந்தத் தூரத்தை நடந்து பார்த்தால்தான் எவ்வளவு நெருக்கத்தில் நின்று சண்டையிட்டார்கள் என்பது புரியும்.

பெயருக்கு முன்னால் பூ வையுங்கள். கற்பூரமும் விளக்கும் வேண்டாம், கல் கறுத்துவிடும். திதி கொடுக்க நினைத்தால் தங்குமிடத்தில் செய்துகொள்ளலாம்.