62.5 கோடி டாலர் தர முன்வந்தும் கிடைக்காத அணி: கேள்வி பதில்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருக்கும் சாக்ரமெண்டோ நகரத்தின் கிங்ஸ் கூடைப்பந்து அணியைச் சியாட்டில்காரர்கள் வாங்கப் போய், 2013-இல் அது முறிந்துபோனது பற்றி நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மயிலாப்பூர்வாசி: விற்பவர் சரி என்றார், வாங்குபவர் சரி என்றார், ஒப்பந்தமும் போட்டாயிற்று. அப்புறம் எப்படிக் கவிழ்ந்தது?

கிங்ஸ் ஆடும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொண்டால் மட்டும் போதாது. 30 அணிகளின் உரிமையாளர்களும் சேர்ந்த குழு சம்மதிக்க வேண்டும். உரிமை கை மாற நான்கில் மூன்று பங்கு வாக்கு தேவை. அணி ஊர் மாறப் பெரும்பான்மை போதும்.

2013 ஜனவரியில் கிங்ஸை வைத்திருந்த மலூஃப் குடும்பம், அணியின் 65 சதவீதத்தைக் கிறிஸ் ஹான்சன் குழுவுக்குத் தர ஒப்புக்கொண்டது. முழு அணியின் மதிப்பு 52.5 கோடி டாலர் என்று கணக்கு. ஹான்சன் சியாட்டிலில் வளர்ந்த முதலீட்டாளர். அவரோடு மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மரும், நார்ட்ஸ்ட்ராம் கடைக் குடும்பமும் இருந்தார்கள். வாங்கிய கையோடு அணியைச் சியாட்டிலுக்குக் கொண்டுபோவது திட்டம். 'வாங்கலாம், ஆனால் ஊர் மாற்றக் கூடாது' என்றால் அவர்களுக்கு அதில் வேலையே இல்லை. அதனால் லீக் விற்பனைக்குப் போகாமல் இடமாற்றத்தை முதலில் வாக்கெடுப்புக்கு விட்டது. மே 15 அன்று டாலஸில் 22 பேர் வேண்டாம் என்றார்கள், 8 பேர் சரி என்றார்கள். விற்பனை தன்னாலே செத்துப்போனது.

கணக்குப்பிள்ளை: ஹான்சன் விலையை ஏற்றிக்கொண்டே போனாராமே? அதிகம் கொடுப்பவனுக்குத்தானே பொருள்?

ஏற்றினார். ஏப்ரலில் 55 கோடி, மே மாதம் 62.5 கோடி. கடைசியில், அணியைச் சாக்ரமெண்டோவிலேயே வைத்துக்கொள்ள வந்த விவேக் ரணதிவே குழு வாங்கியது 53.5 கோடி மதிப்பில். 65 சதவீதம் என்று போட்டால் மலூஃப்களுக்குக் கிடைத்தது சுமார் 34.8 கோடி. ஹான்சனின் கடைசி விலைக்குக் கிடைத்திருக்க வேண்டியது 40.6 கோடி. கிட்டத்தட்ட 5.8 கோடி டாலர் போச்சு.

மலூஃப்களுக்கு அது வலித்திருக்கும். மற்ற உரிமையாளர்களுக்கு என்ன வலி? அவர்கள் பார்த்தது அரங்கத்தைத்தான். மார்ச் மாதமே சாக்ரமெண்டோ நகர மன்றம் 44.8 கோடி டாலர் அரங்கத் திட்டத்தை 7-2 வாக்கில் நிறைவேற்றியிருந்தது. அதில் நகரத்தின் பங்கு மட்டும் 25.8 கோடி. இவ்வளவு கொட்டிக் கொடுக்கும் ஊரைக் கைவிட்டால், நாளைக்கு வேறு எந்த ஊர் மேயர் இவர்களுக்காகப் பொதுப்பணத்தை எடுத்து வைப்பார்? என் கணிப்பில் அந்த 22 வாக்குக்கும் பின்னால் இருந்தது இந்தப் பயம்தான். ரசிகர்கள் மேல் பொங்கிய பாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கல்லூரி அணி கேப்டன்: அப்படியென்றால் சாக்ரமெண்டோ ரசிகர்கள் போட்ட சத்தத்துக்கெல்லாம் பயனே இல்லையா சார்?

இருந்தது, ஆனால் நேராக இல்லை. 2011-இல் அணி கலிஃபோர்னியாவிலேயே இன்னொரு ஊரான அனஹைம் போகப் போகிறது என்று பேச்சு. அந்த ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியுடன் சொந்த ஊரில் கடைசி ஆட்டம். ஆட்டம் முடிந்தும் ஜனங்கள் இருக்கையைவிட்டு எழவில்லை. நேரலையில் பேசிக்கொண்டிருந்த வர்ணனையாளர்களே அழுதுவிட்டார்கள். 2012-இல் அரங்க ஒப்பந்தம் ஒன்று கைகூடி வந்து, மலூஃப்கள் பின்வாங்கியதால் உடைந்தது. அப்போதும் ரசிகர்கள் சோர்ந்துபோகவில்லை. நாங்கள் இங்கேயேதான் இருப்போம் என்று பதாகை பிடித்தார்கள், நகர மன்றக் கூட்டங்களில் போய் உட்கார்ந்தார்கள், மாட்டு மணியை ஆட்டினார்கள். (அந்த மணிக்கு ஒரு கதை உண்டு. லேக்கர்ஸ் பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் சாக்ரமெண்டோவை மாட்டுப்பட்டி என்கிற மாதிரி கிண்டலடித்தார். அவமானத்தையே ஆயுதமாக எடுத்துக்கொண்டார்கள்.)

இந்தச் சத்தம் போய்ச் சேர்ந்த இடம் மேயர் கெவின் ஜான்சன். அவரே ஃபீனிக்ஸ் சன்ஸுக்கு ஆடிய பழைய என்பிஏ ஆட்டக்காரர், லீக் ஆட்களோடு பழக்கமும் உண்டு. இத்தனை பேர் பின்னால் நிற்கிறார்கள் என்று காட்ட முடிந்ததால்தான் அவரால் மன்றத்தில் ஏழு வாக்கும், வெளியே பணக்காரர்களின் குழு ஒன்றும் திரட்ட முடிந்தது. ரசிகர்களிடம் வாக்குச்சீட்டு இல்லை. வாக்கு வைத்திருப்பவர்களிடம் பேசக்கூடிய ஓர் ஆள் அவர்களிடம் இருந்தார்.

ரெட்மண்ட் தம்பி: அண்ணே, நான் இருப்பது சியாட்டில் பக்கம். இங்கே பழைய ரசிகர்கள் இந்தப் பேச்சை எடுத்தாலே முகம் மாறிவிடுகிறது. தோற்றது ஒரு விற்பனைதானே, இவ்வளவு கோபம் எதற்கு?

தம்பி, கோபம் 2013-இல் தொடங்கியது இல்லை. 1967 முதல் அங்கே சூப்பர்சோனிக்ஸ் என்று ஓர் அணி இருந்தது. 1979-இல் சாம்பியன். ஸ்டார்பக்ஸ் காபிக்கடை அதிபர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 2006-இல் அதை ஓக்லஹோமா சிட்டியின் க்ளே பென்னட் குழுவுக்கு 35 கோடி டாலருக்கு விற்றார். சியாட்டிலிலேயே வைத்துக்கொள்ள முயல்வோம் என்றார்கள். இரண்டே வருடத்தில் அணி ஓக்லஹோமா சிட்டிக்குப் போய் தண்டர் ஆகிவிட்டது. அப்போது உரிமையாளர்களின் வாக்கு 28-2. அணியின் இளம் ஆட்டக்காரர் கெவின் டுரான்ட்டையும் சேர்த்து அனுப்பிவைத்தார்கள்.

இனிமேல்தான் விஷயம். 2013-இல் கிங்ஸ் போகலாமா கூடாதா என்று ஆராய்ந்த இடமாற்றக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? அதே க்ளே பென்னட். குழு 7-0 என்று 'வேண்டாம்' சொன்னது. எங்கள் அணியைத் தூக்கிக்கொண்டு போனவரே வந்து, ஓர் ஊரிலிருந்து அணியைத் தூக்குவது நியாயமில்லை என்று தீர்ப்புச் சொல்கிறாரே என்று சியாட்டில் ரசிகன் கொதித்தால், நான் தப்பு சொல்லமாட்டேன்.

சும்மா கேட்கிறேன்: தங்களுக்கு நடந்த கொடுமையையே இன்னொரு ஊருக்குச் செய்யப் பார்த்தார்களே, வெட்கமாக இல்லையா?

பலருக்கு இருந்தது. அணி வேண்டும், ஆனால் இப்படி வேண்டாம் என்று அப்போதே சொன்ன சோனிக்ஸ் ரசிகர்கள் உண்டு. லீக் புதிதாக ஓர் அணியைச் சேர்த்துத் தந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது அவர்கள் வாதம். லீக் அதற்கு அப்போது தயாராக இல்லை. அணிக்குப் பஞ்சம் இருக்கும்வரைதானே விலை ஏறும். எனக்குக் கோபம் லீக் மேல்தான். இரண்டு ஊர் ஜனங்களை ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிட்டு, நடுவில் உட்கார்ந்து விலையை ஏற்றிக்கொண்டார்கள்.

ஆனால் ஹான்சன் பிறகு செய்ததற்கு எந்தச் சமாதானமும் இல்லை. சாக்ரமெண்டோ அரங்கத்துக்கு எதிராக நடந்த கையெழுத்து இயக்கத்துக்கு அவர் ரகசியமாகப் பணம் கொடுத்தது அந்த ஆகஸ்டில் வெளியே வந்தது. மன்னிப்புக் கேட்டார், அபராதமும் கட்டினார். அவருக்காகப் பரிந்து பேசிய சியாட்டில் ரசிகர்களும் அன்றைக்கு வாயடைத்துப்போனார்கள்.

சேப்பாக்கம் மஞ்சள்: நம்ம சிஎஸ்கே-வை யாராவது வாங்கி வேறு ஊருக்குக் கொண்டுபோனால் சும்மா விடுவோமா?

2016, 2017 இரண்டு வருடம் தடையில் இருந்தபோதே நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்! தோனி புனே சட்டையில் நின்றதையே தாங்க முடியவில்லை. சியாட்டில்காரர்கள் தங்கள் ஆட்டக்காரர்களை ஓக்லஹோமா சட்டையில் பார்த்தார்கள், திரும்பி வரும் தேதி என்று ஒன்றும் இல்லாமல்.

பாயின்ட் கார்டு: பால்மர் அப்புறம் என்ன ஆனார்?

அடுத்த வருடமே லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸை 200 கோடி டாலருக்கு வாங்கினார். சியாட்டிலுக்குக் கொண்டுவரப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். ஹான்சனோ சியாட்டிலின் தெற்குப் பகுதியில் அரங்கம் கட்ட நிலம் வாங்கி வைத்திருந்தார். அதற்குத் தேவையான தெருவை விட்டுத்தர நகர மன்றம் 2016-இல் 5-4 என்ற வாக்கில் மறுத்துவிட்டது. ஒரே ஒரு வாக்கு.

மயிலாப்பூர்வாசி (மறுபடியும்): ரணதிவே நம்ம ஊர்க்காரராமே? அணி உருப்பட்டதா?

மும்பையில் பிறந்தவர். என்பிஏ அணி ஒன்றில் பெரும்பங்கு வாங்கிய முதல் இந்தியர். 2016-இல் ஊருக்கு நடுவில் புது அரங்கத்தைத் திறந்தார், 2019-இல் மும்பைக்கே அணியைக் கூட்டிவந்து இந்தியானா பேசர்ஸுடன் ஆடவைத்தார். ஆட்டம்? பல வருடம் மோசம்தான். தொடர்ந்து 16 சீசன் பிளேஆஃப் பக்கமே போகாமல், 2023-இல்தான் உள்ளே நுழைந்தார்கள். ஜெயிக்கும்போதெல்லாம் அரங்கத்தின் கூரையிலிருந்து வானத்தில் ஊதா விளக்கு அடித்தார்கள், ஊரே கொண்டாடியது. முதல் சுற்றிலேயே ஏழாவது ஆட்டத்தில் ஸ்டெஃபன் கரி 50 புள்ளி அடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் ஆடுவது வாரியர்ஸுக்கு. கிங்ஸை வாங்குவதற்கு முன்னால் ரணதிவே பங்கு வைத்திருந்த அணி அது.