பத்திரம் வேண்டாம், ஜாதகம் போதும்

வணக்கம். அம்மா என்று அழைத்து வளர்ந்தவர் உண்மையில் பெரியம்மா என்பதையும், சித்திதான் தன்னைப் பெற்றவர் என்பதையும் உங்கள் நாயகி பதிவு செய்யப்பட்ட தத்துப் பத்திரத்தின் வழியாக மூன்றாம் அத்தியாயத்திலேயே அறிந்துவிடுவதால், அதன் பின் நாவல் நகரவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்தப் பத்திரத்தை நீக்கிவிடுங்கள். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் கீழ், ஏற்கெனவே மகள் உள்ள தம்பதியர் இன்னொரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க இயலாது. உங்கள் கதையிலோ மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள். இது குறையன்று, வாய்ப்பு. சட்டம் இடம் தராததால், பள்ளியில் சேர்க்கும்போதே பெற்றோர் பெயரையும் பிறந்த தேதியையும் மாற்றிச் சொன்ன குடும்பம் என்று வைத்தால், தாத்தா முதல் மாமா வரை அனைவரும் அந்தப் பொய்யின் பங்காளிகள் ஆகிவிடுவார்கள்.

ரத்த வகையால் உண்மை வெளிப்படும் உத்தி திரைப்படங்களில் தேய்ந்துபோனது. ஜாதகத்தைப் பயன்படுத்துங்கள். சான்றிதழில் தேதியை மாற்றத் துணிந்தவர்கள்கூட ஜாதகத்தில் கைவைக்க அஞ்சுவார்கள். வரன் பார்க்கும் நாளில், மூலைகளில் மஞ்சள் தடவிய இரண்டு நோட்டுகளையும் அவள் அருகருகே விரிக்கும்போது, தனக்கும் அக்காவுக்கும் ஏழு மாதமே இடைவெளி என்பது தெரியட்டும்.

இதை நாவலின் நடுவில் வைத்து, அவளை உடனே கேள்வி கேட்கவிடாமல், சித்தியை மௌனமாகக் கவனிக்க வையுங்கள். இறுதியில் சித்தி எழுதும் நீண்ட விளக்கக் கடிதம் தேவையில்லை என்பது என் கருத்து.