கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதில் விழுகிறதா? லென்ஸைச் சோதித்துச் சரிசெய்யும் முறை

கேள்வி: டிஎஸ்எல்ஆர் கேமராவில் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வைத்திருக்கிறேன். முகப் படம் எடுக்கும்போது ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில்தான் வைக்கிறேன். ஆனால் கண் மங்கலாகவும் காது பளிச்சென்றும் வருகிறது. கேமராவோடு வந்த ஜூம் லென்ஸில் இந்தத் தொல்லை இல்லை. லென்ஸ் கெட்டுவிட்டதா? நானே சரிசெய்ய முடியுமா, சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டுமா?

பதில்: காது பளிச்சென்று இருக்கிறது என்பதே நல்ல செய்தி. படத்தில் ஏதோ ஓரிடம் கூர்மையாக விழுகிறது என்றால், லென்ஸின் கண்ணாடிகள் பெரும்பாலும் நலம். கூர்மை விழும் இடம் பின்னால் தள்ளிப்போயிருக்கிறது. இதை பேக் ஃபோகஸ் என்பார்கள்; மூக்கு நுனி தெளிந்து கண் மங்கினால் ஃப்ரண்ட் ஃபோகஸ்.

ஜூம் லென்ஸ் ஒழுங்காக இருப்பதால் கேமராமேல் குற்றமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முழு ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சார்) கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து 2 மீட்டர் தூரத்தில் எடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமே சுமார் 6 செ.மீ. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 4 செ.மீ.தான். அதே லென்ஸை எஃப் 5.6-க்குச் சுருக்கினால் முழு ஃப்ரேமில் அது சுமார் 18 செ.மீ. ஆகிவிடும். ஜூம் லென்ஸின் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு; எஃப் எண் கூடக்கூட அது சிறுக்கும்) இயல்பிலேயே சிறியது. கேமராவில் 3 செ.மீ. பிழை இருந்தாலும் அந்த ஆழத்துக்குள் மறைந்துபோகும்.

பிழை எங்கிருந்து வருகிறது? டிஎஸ்எல்ஆரில் வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியே ஃபோகஸ் செய்யும்போது, படம் பதியும் சென்சார் அந்த வேலையில் கலந்துகொள்வதே இல்லை. கேமராவுக்குள் ஒளியைப் பிரதிபலிக்கும் முதன்மைக் கண்ணாடிக்குப் பின்னாலுள்ள சிறு துணைக் கண்ணாடி ஒளியைக் கீழே திருப்புகிறது. அங்கே கேமராவின் அடித்தளத்தில் இருக்கும் தனி ஆட்டோஃபோகஸ் சென்சார் தூரத்தைக் கணிக்கிறது. லென்ஸிலிருந்து இந்தச் சென்சாருக்கும் படச் சென்சாருக்கும் உள்ள ஒளிப்பாதை இம்மியும் பிசகாமல் சமமாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் கேமராவுக்கும் லென்ஸுக்கும் தனித்தனியே சிறு விலகல் அனுமதிக்கப்படுகிறது. இரண்டும் ஒரே பக்கம் விலகியிருந்தால், தனித்தனியே தேர்ச்சி பெற்றவை சேரும்போது தோற்கும். இந்தக் கண்ணாடிகளே இல்லாத மிரர்லெஸ் கேமராவில் படச் சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால், இந்த வகைப் பிழை அநேகமாக எழுவதில்லை.

நோயைக் கண்டறியும் வழியும் இதிலேயே இருக்கிறது. கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, அசையாத ஒரு பொருளை முதலில் வ்யூஃபைண்டர் வழியாகவும், பிறகு லைவ் வியூவிலும் (பின்திரையில் பார்த்து, படச் சென்சாராலேயே ஃபோகஸ் செய்யும் முறை) ஃபோகஸ் செய்து எடுங்கள். லைவ் வியூ படம் கூர்மையாக, வ்யூஃபைண்டர் படம் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் தள்ளி விழுந்தால், அளவுத்திருத்தம் போதும். லைவ் வியூவில் உருப்பெருக்கிக் கையால் ஃபோகஸ் செய்தும் மங்கலாகவே இருந்தால் கோளாறு லென்ஸின் உள்ளே. ஒரு படம் முன்னால், ஒரு படம் பின்னால் என்று தாறுமாறாக விழுந்தால் எந்தத் திருத்தமும் உதவாது. வெளிச்சம் போதவில்லை, இலக்கில் நிறவேறுபாடு குறைவு, அல்லது லென்ஸ் மோட்டார் தளர்ந்திருக்கிறது. மனிதர்களை வைத்து இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. ஷட்டரைப் பாதி அழுத்திய பிறகு நீங்களோ எதிரில் இருப்பவரோ 2 செ.மீ. அசைந்தாலே கணக்கு மாறிவிடும்.

சோதனைக்கு, மேசைமேல் சாய்த்து வைத்த அளவுகோலைப் படமெடுப்பது பழக்கம். அதில் ஒரு பொறி இருக்கிறது. வ்யூஃபைண்டரில் தெரியும் ஃபோகஸ் கட்டத்தைவிட உண்மையான உணர்பரப்பு பெரியது. சாய்ந்த அளவுகோலில் எந்த எண்ணை அது பிடித்தது என்று சொல்ல முடியாது. ஆகவே இலக்கு நேராக நிற்க வேண்டும். தடித்த அட்டையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை அச்சிட்டு ஒட்டி, செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் பக்கத்தில், அட்டையின் முகப்புத் தளம் அளவுகோலின் நடுக்கோட்டோடு பொருந்துமாறு, ஓர் அளவுகோலை 45 பாகை சாய்த்து வையுங்கள். ஃபோகஸ் அட்டையில், அளவு பார்ப்பது அளவுகோலில்.

அட்டையும் சென்சாரும் இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க எளிய உபாயம் ஒன்று: அட்டைமேல் சிறிய முகக்கண்ணாடியைத் தட்டையாகப் பிடித்து வ்யூஃபைண்டரில் பாருங்கள். உங்கள் லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரிந்தால் போதும்.

தூரம், குவியத் தொலைவைப் போல 25 முதல் 50 மடங்கு. 85 மி.மீ.க்கு அது ஏறக்குறைய 2.1 முதல் 4.25 மீட்டர். முகப் படம்தான் உங்கள் வேலை என்றால், வழக்கமாக நிற்கும் தூரத்திலேயே சோதியுங்கள். ஒரு தூரத்துக்குப் பொருந்திய திருத்தம் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்த வேண்டுமென்பதில்லை. பகல் வெளிச்சம் நல்லது. மஞ்சள் குண்டு பல்பின் ஒளியில் சில கேமராக்களின் ஆட்டோஃபோகஸ் கணிப்பே நகர்ந்துவிடும். அதிர்வுக் குறைப்பை அணைத்துவிட்டு, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, நடு ஃபோகஸ் புள்ளியை மட்டும் வைத்து, 2 விநாடி டைமரில் எடுங்கள். மலிவான ஃபில்ட்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். மங்கலுக்கு அதுவே காரணமாக இருப்பதும் உண்டு.

ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக் கலைக்க வேண்டும். 5 படங்களுக்கு முடிவிலியிலிருந்தும், 5 படங்களுக்கு மிக அருகிலிருந்தும் லென்ஸ் ஓடி வரட்டும். பத்தையும் கணினியில் 100 விழுக்காட்டுப் பெருக்கத்தில் பார்த்து, பெரும்பான்மை எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் மூன்றில் ஒரு பங்கு, பின்னால் இரண்டு பங்கு கூர்மை என்று ஒரு பாடம் சொல்வார்களே, அதை இங்கே மறந்துவிடலாம். இவ்வளவு குறைந்த தூரத்தில் இரு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாகத்தான் இருக்கும்.

இனித் திருத்தம். கேனனில் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட், நிக்கானில் ஏஎஃப் ஃபைன் டியூன் என்று மெனுவில் இருக்கும். இரண்டிலும் −20 முதல் +20 வரை. கூட்டினால் கூர்மை கேமராவிலிருந்து விலகிப் பின்னே போகும்; குறைத்தால் முன்னே வரும். உங்களுக்கு பேக் ஃபோகஸ் என்பதால் −10-இல் தொடங்குங்கள். மூக்குப் பக்கம் வந்துவிட்டால் −5, போதாவிட்டால் −15. அதன்பின் இரண்டிரண்டாக நகர்த்துங்கள். நிக்கான் டி5, டி500, டி850 ஆகியவற்றில் லைவ் வியூவோடு ஒப்பிட்டுக் கேமராவே எண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி உண்டு. ஒரே முறை நம்பாமல் ஐந்தாறு முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். −20 வரை இறக்கியும் போதவில்லை என்றால் அது மெனுவில் தீரும் சங்கதி அல்ல.

நிக்கானின் டி3000, டி5000 வரிசை போன்ற தொடக்கநிலைக் கேமராக்களில் இந்த மெனுவே கிடையாது. லென்ஸ் சிக்மாவின் ஆர்ட், கன்டெம்பரரி, ஸ்போர்ட்ஸ் வகையாக இருந்தால் யூஎஸ்பி டாக் கருவியால் லென்ஸுக்குள்ளேயே திருத்தலாம். 4 தூரங்களுக்குத் தனித்தனி எண் கொடுக்கும் வசதி அதில் இருக்கிறது. டாம்ரானின் புதிய லென்ஸ்களுக்கு டேப்-இன் கன்சோல் என்ற கருவி உண்டு. இவை எதுவும் இல்லையென்றால், கேமராவின் கண்ணாடிப் பெட்டிக்குள் (மிரர் பாக்ஸ்) இருக்கும் துணைக் கண்ணாடித் திருகை முடுக்கச் சொல்லும் யோசனை உங்கள் காதில் விழும். செய்யாதீர்கள். அது ஒரு லென்ஸைச் சரிசெய்து மற்ற எல்லா லென்ஸ்களையும் கெடுக்கும்.

இன்னொரு கோளாறு இதைப் போலவே வேடமிடும். எஃப் 1.2, எஃப் 1.4 லென்ஸ்கள் சிலவற்றில் அப்பர்ச்சரைச் சுருக்கும்போது குவியம் நகர்கிறது. கேமரா ஃபோகஸ் செய்வது முழுத் திறப்பில், படம் பதிவது எஃப் 2.8-இல். இது அந்த லென்ஸ் வடிவமைப்பின் குணம், பழுதல்ல. எந்த அப்பர்ச்சரில் அதிகம் எடுக்கிறீர்களோ அதற்கேற்ற எண்ணை வைத்துக்கொள்வதே வழி.

சர்வீஸுக்கு அனுப்பியே ஆக வேண்டியது ஒரு பக்கம் மட்டும் மங்கும் லென்ஸ். உள்ளே ஒரு கண்ணாடி நடுவிலிருந்து விலகியிருக்கும் அல்லது சாய்ந்திருக்கும். கீழே விழுந்த லென்ஸ்களில் இது சகஜம். தொலைவில் உள்ள ஒரே பொருளை நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் அந்த மூலையிலேயே லைவ் வியூவில் ஃபோகஸ் செய்து எடுத்து ஒப்பிடுங்கள். மூன்று மூலை தெளிந்து ஒன்று மட்டும் எஃப் 5.6-இலும் தெளியாவிட்டால் சந்தேகமே இல்லை. மவுன்ட் (லென்ஸ் கேமராவில் பொருந்தும் வளையம்) வளைந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும். கேனன் இஎஃப் மவுன்டிலிருந்து சென்சார்வரை 44 மி.மீ., நிக்கான் எஃப் மவுன்டில் 46.5 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மாறினாலே அகலத் திறப்பில் தெரியும் என்பதால், கருவி இல்லாமல் இதைக் கையால் நிமிர்த்த வழியில்லை.

கொடுக்கும்போது லென்ஸை மட்டும் தராமல் கேமராவையும் சேர்த்தே கொடுங்கள். தனியாக வந்த லென்ஸை அவர்கள் தங்கள் மாதிரிக் கேமராவுக்குப் பொருத்திச் சரிசெய்வார்கள். உங்கள் கேமராவின் விலகல் அப்படியே இருக்கும். மெனுவில் வைத்த திருத்த எண்களைச் சுழியமாக்கிவிடுங்கள். வ்யூஃபைண்டர், லைவ் வியூ இரண்டிலும் எடுத்த மாதிரிப் படங்களைத் திருத்தாத மூலக் கோப்பாகவே கார்டில் வைத்து, தூரம், அப்பர்ச்சர், பயன்படுத்திய ஃபோகஸ் புள்ளி ஆகியவற்றைத் துண்டுச்சீட்டில் எழுதித் தாருங்கள். “ஃபோகஸ் சரியில்லை” என்ற ஒற்றை வரிப் புகாருக்கு “சோதித்தோம், சரியாக இருக்கிறது” என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும். திரும்பி வந்ததும் அதே அட்டையை அதே தூரத்தில் நிறுத்திப் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். சர்வீஸ் உத்தரவாதக் காலம் முடியுமுன் அதைச் செய்துவிடுங்கள்.